கிரேக்கக் கூடைப்பந்தின் கதை – 7: பந்தைக் கொடுத்தவர்

1981 ஜனவரி 24. கிரேக்க லீக்கில் அன்று அயோனிகோஸ் நிக்கேயாவும் ஆரிஸ் தெஸலோனிக்கியும் மோதின. ஆரிஸ் பக்கம் நிக்கோஸ் காலிஸ் 62 புள்ளி எடுத்தார். சென்ற பகுதியைப் படித்தவர்களுக்கு அந்த எண் வியப்பு தராது. காலிஸ் அப்படித்தான் ஆடுவார். வியப்பு எதிரணியில் இருந்தது. அங்கே 22 வயது இளைஞர் ஒருவர் தனியாளாக 73 புள்ளி குவித்தார். அயோனிகோஸ் 114, ஆரிஸ் 113. ஒரே ஆட்டத்தில் இருவர் மட்டும் சேர்ந்து 135 புள்ளி. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளுக்குள் வந்ததே 1984-இல்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் ஒரு கூடைக்கு இரண்டே புள்ளி கிடைத்த காலம் அது.

மூன்று ஆண்டு கழித்து, 1984-இல், அந்த 73 புள்ளிக்காரர் ஆரிஸ் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். அங்கே பந்து காலிஸுடையது. கடைசி எறிதல் காலிஸுடையது. அரங்கம் முழங்கும் பெயரும் காலிஸுடையது. இதெல்லாம் தெரிந்துதான் போனார். அவர் பெயர் பனயோட்டிஸ் யன்னாகிஸ். பிற்காலத்தில் அவர் ஏன் ஒரே நட்சத்திரத்தை நம்பாத பயிற்சியாளர் ஆனார் என்ற கேள்விக்கு விடையை அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற 1996-இல் பலர் தேடுகிறார்கள். நான் 1984-இல் தேடுகிறேன். அந்த ஆண்டுதான் அவர் பந்தைக் கொடுக்கப் பழகினார்.

முதலில் நிக்கேயா. ஏதென்ஸை ஒட்டிய துறைமுக நகரம் பிரேயஸ். அதன் பின்புறம் விரிந்த குடியிருப்பு இது. 1922-இல் சின்ன ஆசியாவில் கிரேக்கப் படை தோற்றதும், தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் வாழ்ந்த கிரேக்கர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். அடுத்த ஆண்டு கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. வந்து இறங்கிய அகதிகளில் பல்லாயிரம் பேருக்கு இடம் கொடுத்தது அன்று கொக்கினியா என்று அழைக்கப்பட்ட இந்த வெற்றுநிலம். ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள், ஆலை வேலை, துறைமுகக் கூலி. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களைச் சதுக்கத்துக்கு இழுத்து வந்து சுட்டுக் கொன்றதும் இங்கேதான். அதற்குப் பதினைந்து ஆண்டு கூட ஆகியிராத 1959-இன் புத்தாண்டு நாளில் யன்னாகிஸ் பிறந்தார்.

அகதிகளின் ஊர்களுக்கும் கிரேக்க விளையாட்டுக்கும் உள்ள உறவு இத்தொடரில் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை. வந்த மக்கள் முதலில் கோயில் கட்டினார்கள். கையோடு விளையாட்டுக் கழகமும் கட்டினார்கள். இழந்த ஊரின் பெயரைக் கழகத்துக்குச் சூட்டினார்கள். அயோனிகோஸும் அப்படி அயோனியாவின் பெயரைச் சுமந்த கழகம். யன்னாகிஸ் அதன் சட்டையைச் சிறுவனாக இருக்கும்போதே போட்டுக்கொண்டார். பதின்மூன்று வயதுவாக்கில் பெரியவர்களோடு ஆடத் தொடங்கி, பதினேழு வயதில் தேசிய அணிக்கே வந்துவிட்டார். ‘டிராகன்’ என்று ரசிகர்கள் வைத்த பெயர் அவரோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டது. எதிராளியை விடாமல் துரத்தும் தடுப்பாட்டம், அடி பட்டாலும் கூடையை நோக்கிப் பாயும் உடம்பு, நெருக்கடியில் கலங்காத முகம். பெயர் பொருந்தத்தான் செய்தது.

1982-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை என்.பி.ஏ. டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில், 205-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மூன்று ஆண்டுக்கு முன் இதே பாஸ்டன்தான் காலிஸையும் தேர்ந்தெடுத்திருந்தது. இருவருமே அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒன்பதாவது சுற்று ஆளுக்கு என்.பி.ஏ. கதவு அகலமாகத் திறந்ததில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை இன்றைய வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள்: என்.பி.ஏ.-வில் ஆடியவர் தன் நாட்டு அணிக்கு ஆட முடியாது என்ற விதி 1989 வரை இருந்தது. அமெரிக்கா போவதென்றால் நீலவெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். யன்னாகிஸ் அந்தச் சட்டையை 1976 முதல் 1996 வரை இருபது ஆண்டு அணிந்தார். 351 ஆட்டங்கள், 5,301 புள்ளிகள்.

இனி ஆரிஸ். 1984 வரை ஆரிஸ் என்றால் காலிஸ். அவர் 40 எடுத்தால் வெற்றி, 40 எடுத்தும் தோற்ற நாட்களும் உண்டு. பயிற்சியாளர் யன்னிஸ் யோவானிடிஸுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. காலிஸின் கைக்குச் சரியான இடத்தில், சரியான நொடியில் பந்து வந்து சேர வேண்டும். எதிரணியின் சிறந்த கார்டை, அதாவது பந்தை நடத்தும் ஆட்டக்காரரை, யாராவது மறித்து நிற்க வேண்டும். காலிஸ் அந்த வேலையில் மூச்சை இழக்கக் கூடாது. காலிஸை இருவர் சூழும்போது, ஆளில்லாமல் நிற்கும் இன்னொருவர் தயங்காமல் கூடையில் போட வேண்டும். இந்த மூன்று வேலையையும் செய்யக்கூடிய ஒரே ஆள் கிரீஸில் அப்போது யன்னாகிஸ்தான். அவர் எப்போது வேண்டுமானாலும் 30 புள்ளி எடுக்கக்கூடியவர் என்பதால்தான் அந்தக் கூட்டணி பயங்கரமாக இருந்தது. எடுக்கத் தெரியாதவன் கொடுப்பது வேறு. எடுக்கத் தெரிந்தும் கொடுப்பவனை எதிரணி எப்படித் தடுப்பது?

விளைவை ஆண்டுகளால் சொல்லிவிடலாம். 1985 முதல் 1991 வரை ஏழு ஆண்டும் தொடர்ந்து லீக் பட்டம் ஆரிஸுக்கு. கிரேக்கக் கோப்பைகள் தனி. ஏதென்ஸின் பெரிய கழகங்கள் இரண்டும் வடக்கே பார்த்துப் பெருமூச்சு விட்ட காலம். ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் நடந்த வியாழக்கிழமை இரவுகளில் தெஸலோனிக்கியில் மட்டுமின்றி நாடு முழுக்கத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். சினிமா அரங்குகள் ஈயோட்டும். அதற்கு முன்பு கால்பந்தைத் தவிர வேறெதற்கும் கிரீஸ் இப்படி வீட்டுக்குள் அடங்கியதில்லை.

ஆனால் ஐரோப்பாவின் உச்சக் கோப்பை மட்டும் வரவில்லை. 1988-இல் கென்ட், 1989-இல் மூனிக், 1990-இல் ஸராகோஸா என்று மூன்று முறை தொடர்ந்து ஆரிஸ் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. மூன்று முறையும் அரையிறுதியிலேயே தோற்றது. மிலான், மக்காபி டெல் அவீவ், பார்சிலோனா. ஏன் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்த ஆரிஸில் பத்துப் பேர் ஆடவில்லை. ஐந்தாறு பேர்தான் ஆடினார்கள். அவர்களில் இரண்டு பேர் நாற்பது நிமிடமும் ஆடினார்கள். உள்நாட்டில் அது போதும். இரண்டு நாள் இடைவெளியில் ஐரோப்பாவின் மிகப் பலமான அணிகளை வீழ்த்தப் போதாது. மைதானத்துக்குள் நின்று இதை மூன்று முறை பார்த்தவர் பின்னாளில் பயிற்சியாளராக வந்தபோது, மாற்று வீரர்களின் பெஞ்சை எப்படி நடத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1987 ஜூன் 14-ஐ ஐந்தாம் பகுதியில் முழுதாகச் சொல்லிவிட்டேன். பிரேயஸின் அமைதி நட்பு அரங்கம், ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதி, சோவியத் யூனியன், கூடுதல் நேரம், காலிஸின் 40 புள்ளி, கடைசி நொடிகளில் ஆர்கிரிஸ் கம்பூரிஸ் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோ, 103–101. இங்கே கேப்டன் யன்னாகிஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்தப் போட்டியில் கிரீஸ் காலிறுதியில் இத்தாலியை வென்றது, அரையிறுதியில் யூகோஸ்லாவியாவை வென்றது, இறுதியில் சோவியத்தை வென்றது. அதற்கு முந்தைய உலகப் போட்டியில் பத்தாம் இடத்தில் இருந்த அணி இது. காலிஸ் சராசரியாக 37 புள்ளி எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரணிகளின் கார்டுகளை யார் மறித்தார், காலிஸ் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது பந்தை யார் நடத்தினார், ஃபாசூலாஸும் கிறிஸ்டொடூலூவும் கம்பூரிஸும் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யார் கத்தினார் என்பதைத் தேடிப் பார்த்தால் ஒரே பெயர்தான் வரும். பயிற்சியாளர் கோஸ்டாஸ் பொலிடிஸ் பெஞ்சில் இருந்தார். களத்துக்குள் இன்னொரு பயிற்சியாளர் சட்டை எண் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து ஸாக்ரெப்பில் அதே அணி அரையிறுதியில் சோவியத்தை மறுபடியும், இம்முறை 81–80 என்று, வென்று வெள்ளி எடுத்தது. இறுதியில் யூகோஸ்லாவியா எட்ட முடியாத உயரத்தில் இருந்தது.

1992-இல் காலிஸ் ஆரிஸை விட்டு ஏதென்ஸின் பனதினாய்கோஸுக்குப் போனார். யன்னாகிஸ் தங்கினார். மறுவசந்தத்தில், 1993-இல், டூரின் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் துருக்கியின் எஃபெஸ் பில்சனை ஆரிஸ் 50–48 என்று வென்றது. உச்சக் கோப்பைக்கு அடுத்த படியில் உள்ள கோப்பைதான். ஆனாலும் ஆரிஸ் ஜெயித்த முதல் ஐரோப்பியக் கோப்பை. காலிஸ் இருந்த ஆண்டுகளில் ஆரிஸ் ஒரு பாதியிலேயே 50 புள்ளி எடுக்கும்; இங்கே முழு ஆட்டத்துக்கும் 50. அந்த வெற்றியைத் தடுப்பாட்டம் கட்டியது, 34 வயதுக் கேப்டன் நடத்தினார். பயிற்சியாளராக அவர் 2005-இல் செய்ததைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் இந்த ஸ்கோரை ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும்.

அதன்பின் பானியோனியோஸில் ஓராண்டு. பிறகு 1994-இல் அவரும் பனதினாய்கோஸுக்கு வந்தார். அந்த இலையுதிர்காலத்திலேயே, முதல் ஐவரில் இடம் கொடுக்கவில்லை என்று காலிஸ் அணியை விட்டு வெளியேறி, ஆட்டத்தையே முடித்துக்கொண்டார். 1987-இன் பயிற்சியாளர் பொலிடிஸ்தான் அவரை வெளியே உட்கார வைத்தவர். அதை எழுதும்போது இன்றும் மனம் கனக்கிறது. அதே அணியில் யன்னாகிஸ் பெஞ்சிலிருந்து எழுந்து வர ஒப்புக்கொண்டார். பந்தைக் கொடுக்கப் பழகிய கைக்கு இடத்தைக் கொடுப்பதும் கடினமாக இல்லை.

1996 ஏப்ரல், பாரிஸின் பெர்சி அரங்கம். பனதினாய்கோஸுக்கும் பார்சிலோனாவுக்கும் இறுதி. பனதினாய்கோஸ் 67–66 என்று முன்னே, நொடிகள் கரைகின்றன. பந்தை வைத்திருந்த யன்னாகிஸ் வழுக்கினார், பந்து பறிபோனது. பார்சிலோனாவின் மொன்டேரோ ஆளில்லாத கூடையை நோக்கி ஓடினார். பின்னாலிருந்து நெடிய குரோஷியர் ஸ்டோயன் வ்ராங்கோவிச் பாய்ந்து வந்து அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். பந்து பலகையைத் தொட்ட பிறகு தட்டினாரா, முன்னரே தட்டினாரா என்ற வாதம் பார்சிலோனாவில் இன்றும் ஓயவில்லை. நடுவர்கள் விசில் ஊதவில்லை. கிரேக்கக் கழகம் ஒன்று ஐரோப்பாவின் உச்சக் கோப்பையை ஏந்தியது அதுவே முதல் முறை. அன்றைய சிறந்த வீரர் டொமினிக் வில்கின்ஸ். பயிற்சியாளர் போஜிதார் மல்கோவிச். அந்தக் கோடையில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பிடித்த தேசிய அணியோடு ஆடி முடித்து, 37 வயதில் யன்னாகிஸ் காலணியைக் கழற்றினார்.

ஓராண்டுகூட ஓய்வு கிடைக்கவில்லை. 1997-இல் தேசிய அணியின் பயிற்சியாளர் பொறுப்பு நேராக அவரிடம் வந்தது. கழக அணி எதையும் நடத்திய அனுபவம் இல்லை. நேற்று வரை கூட ஆடியவர்களுக்கு இன்று கட்டளை இட வேண்டும். 1997 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம். 1998 உலகச் சாம்பியன்ஷிப் ஏதென்ஸிலேயே நடந்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்று, அங்கும் நான்காம் இடம். 1993, 1994, 1995 போட்டிகளிலும் கிரீஸ் நான்காவதாகவே வந்திருந்தது. பதக்க மேடையின் ஓரத்தில் நின்று கைதட்டுவதற்கே இந்த அணி பிறந்தது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிய காலம். யன்னாகிஸ் பதவியிலிருந்து விலகினார்.

அடுத்த சில ஆண்டுகளைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவையே முக்கியமாகப் படுகின்றன. அவர் பெரிய கழகங்களின் வாசலில் காத்திருக்கவில்லை. பானியோனியோஸை நடத்தினார், 2002-இல் ஏதென்ஸின் வடக்குப் புறநகரான மரூசி அணியை ஏற்றார். பனதினாய்கோஸ், ஒலிம்பியாகோஸ் போன்ற கழகங்களின் பணமோ கூட்டமோ இல்லாத கழகம். நட்சத்திரத்தை வாங்க முடியாது. இருப்பவர்களை ஆளாக்கத்தான் முடியும். அங்கே லாரிசாவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் கார்டு இருந்தார். கூடையை நோக்கிக் கண்மூடிப் பாய்வார்; எப்போது பாயக் கூடாது என்பதுதான் தெரியாது. பெயர் வசிலிஸ் ஸ்பனூலிஸ். அவரைத் திட்டி, உட்கார வைத்து, மறுபடியும் அனுப்பி, ஆட்டத்தின் முடிவை அவர் கையில் கொடுத்துப் பழக்கியவர் யன்னாகிஸ். 2004-இல் மரூசி கிரேக்க லீக்கில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய அளவிலான ஒரு போட்டியிலும் இறுதி வரை போனது.

2004-இல் பழைய குரு யோவானிடிஸுக்குப் பின் தேசிய அணி மறுபடி அவரிடம் வந்தது. சொந்த ஊர் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். காலிறுதியில் வீழ்த்திய அர்ஜென்டினாவே தங்கமும் வென்றது. ஊர் ஏமாந்தது. யன்னாகிஸ் மட்டும் தன் கையிலிருப்பதை எண்ணிப் பார்த்தார். தியோ பாப்பலூக்காஸ், டிமிட்ரிஸ் டியமாண்டிடிஸ், ஸ்பனூலிஸ், நிக்கோஸ் ஸிஸிஸ்: பந்தை நடத்தத் தெரிந்த நான்கு பேர். ஃபோட்ஸிஸ், காக்கியூஸிஸ், பாப்படோபுலோஸ், ட்ஸார்ட்ஸாரிஸ், டிகூடிஸ்: கூடைக்கு அடியில் அடித்துப் பிடிப்பவர்கள். இவர்களில் ஒருவர்கூட காலிஸ் இல்லை. இன்னொரு காலிஸைத் தேடி கிரீஸ் பத்தாண்டை வீணாக்கியிருந்தது. யன்னாகிஸ் தேடவில்லை. அவர் தேடியது தன்னைப் போன்ற நாலைந்து பேரை.

2005 செப்டம்பர், பெல்கிரேடு, ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். அந்த அணியின் ஆட்டத்தை நினைத்துப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது தடுப்பாட்டம். காலிறுதியில் ரஷ்யா எடுத்தது 61. அரையிறுதியில் பிரான்ஸ் எடுத்தது 66, ஆனால் அதை ஜெயிக்கக் கிரீஸ் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் பிரான்ஸ் ஏழு புள்ளி முன்னே. டோனி பார்க்கர் இருந்த அணி. இனி மாறாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். கிரீஸ் ஒவ்வொரு பந்தாகப் பறித்து நெருங்கியது. கடைசி நொடிகளில் பந்து டியமாண்டிடிஸிடம் வந்தது. தூரத்திலிருந்து எறிவதில் பெயர் வாங்கியவர் அல்ல அவர். பந்தைத் திருடுவதில், தடுப்பதில், கொடுப்பதில் மன்னர். அவர் எறிந்தார். மூன்று புள்ளி. 67–66.

அந்த எறிதலை இடக்கை வீரர் ஒருவரின் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஒரே நட்சத்திரத்தை நம்பும் அணியில் கடைசிப் பந்து நட்சத்திரத்தைத் தேடிப் போகும். எதிரணியின் ஐந்து பேரும் அங்கேயே நிற்பார்கள். இந்த அணியில் கடைசிப் பந்து ஆளில்லாமல் யார் நிற்கிறாரோ அவரிடம் போனது. அவர் எறிய வேண்டும் என்பதும், தவறினால் யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள் என்பதும் பயிற்சிக் கூடத்தில் முன்கூட்டியே தீர்ந்துபோன விஷயம்.

செப்டம்பர் 25, இறுதி. ஜெர்மனிக்கு டிர்க் நொவிட்ஸ்கி இருந்தார். அவர் போட்டார், மற்றவர்களைக் கிரீஸ் போட விடவில்லை. 78–62. பதினெட்டு ஆண்டுக்கு முன் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர் இப்போது பயிற்சியாளராக அதே கோப்பையைத் தொட்டார். ஏதென்ஸ் தெருக்களில் மறுபடியும் ஹாரன் ஒலி.

இந்த வரலாற்றின் உச்சம் என்று நான் கருதுவது அடுத்த ஆண்டு ஜப்பானில் நடந்தது. 2006 செப்டம்பர் 1, சைதாமா. உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதி. எதிரே அமெரிக்கா: லெப்ரான் ஜேம்ஸ், டுவெய்ன் வேட், கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பால், டுவைட் ஹோவர்ட்; பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி. கிரேக்க அணியில் அன்று என்.பி.ஏ.-வில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் கால் பகுதியில் அமெரிக்கா 12 புள்ளி முன்னே போனது. ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் தொலைக்காட்சியை அணைத்திருந்தால் ஐரோப்பியக் கூடைப்பந்தின் மிக அழகான இருபத்தைந்து நிமிடங்களை இழந்திருப்பார்கள்.

கிரீஸ் செய்தது கூடைப்பந்தின் மிகப் பழைய வித்தைகளில் ஒன்று. பிக் அண்ட் ரோல். பந்து வைத்திருக்கும் கார்டின் எதிராளி வரும் வழியில் ஒரு பெரிய ஆள் சுவராக நிற்பார். கார்டு அந்தத் தோளை உரசிக்கொண்டு தாண்டுவார். எதிராளி மாட்டிக்கொள்வார். பெரிய ஆளைக் காவல் காக்க வேண்டியவர் கார்டைத் தடுக்க முன்னே வந்தால், பெரிய ஆள் திரும்பிக் கூடைக்கு ஓடுவார், பந்து அவருக்கு. வராமல் பின்னே நின்றால் கார்டே போடுவார். இருவரையும் அடைக்க மூன்றாமவர் உதவிக்கு ஓடி வந்தால், அவர் விட்டு வந்த மூலையில் ஒருவர் தனியாக நிற்பார், பந்து அங்கே. பள்ளி அணியும் ஆடும் ஆட்டம்தான். ஆனால் மூன்று பதில்களில் எது சரி என்று அரை நொடியில் படிக்கும் கண் வேண்டும். படித்ததும் தன் ஆசையை விட்டுப் பந்தைக் கொடுக்கும் கை வேண்டும். பாப்பலூக்காஸுக்கு இரண்டும் இருந்தன. சுவராக நின்றது சோஃபோக்லிஸ் சோர்ட்சனிடிஸ். கேமரூன் தாய்க்கும் கிரேக்கத் தந்தைக்கும் பிறந்த 21 வயது மலை. அமெரிக்கர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விக்குத் தவறான விடை எழுதினார்கள். யன்னாகிஸ் கேள்வியை மாற்றவில்லை.

இடைவேளையில் 45–41, கிரீஸ் முன்னே. மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது 77–65. முடிவு 101–95. ஸ்பனூலிஸ் 22 புள்ளி, சோர்ட்சனிடிஸ் 14, பாப்பலூக்காஸின் கையிலிருந்து கூடையாக மாறிய பாஸ்கள் 12. கிரீஸ் எறிந்த 56-இல் 35 உள்ளே போனது. தனிக்கட்டை ஆட்டத்தில் இந்த விகிதம் வராது. ஆளில்லாத இடத்தில் ஆளைக் கண்டுபிடித்தால்தான் வரும். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்களிடம் பேசிய ஷஷெவ்ஸ்கி, கிரேக்க வீரர்களைப் பெயர் சொல்லாமல் சட்டை எண்களால் குறிப்பிட்டார். அது அமெரிக்காவில் பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. அங்கே கூடைப்பந்து அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்ட விதமும் இந்தத் தோல்வியோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஷஷெவ்ஸ்கி 2016-இல் தேசிய அணியிலிருந்து விலகும் வரை அவருடைய அமெரிக்க அணி வேறு ஆட்டம் எதிலும் தோற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இறுதியில், காயத்தால் பாவ் காசோல் ஆடாத ஸ்பெயினிடம் கிரீஸ் 47–70 என்று நொறுங்கியது. இதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. அரையிறுதியோடு அந்த அணியின் உடம்பும் மனமும் தீர்ந்துவிட்டன. பெஞ்சை அத்தனை நம்பிய பயிற்சியாளரிடமும் அன்று எழுப்ப ஆளில்லை. ஆனாலும் அந்த வெள்ளிதான் கிரேக்கக் கூடைப்பந்து உலகப் போட்டியில் பெற்ற முதல் பதக்கம்.

பிறகு நடந்தவை வேகமாக. 2007 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் இரண்டே புள்ளியில் தோல்வி, ஐந்தாம் இடம். அதோடு தேசிய அணியில் அவர் அத்தியாயம் முடிந்தது. ஒலிம்பியாகோஸில் இரண்டு பருவம். 2010-இல் ஐரோப்பிய இறுதி. மறுபடியும் பாரிஸின் பெர்சி, மறுபடியும் பார்சிலோனா. பதினான்கு ஆண்டுக்கு முன் வ்ராங்கோவிச்சின் கை காப்பாற்றிய அதே அரங்கில் இம்முறை 68–86. பிறகு பிரான்ஸில் லிமோஜ். பிறகு சீனத் தேசிய அணி. 2013 ஆசியச் சாம்பியன்ஷிப்பில் சீனா தைவானிடம் தோற்று ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது, அடுத்த உலகக் கோப்பைக்கும் தகுதி இழந்தது. அந்த நியமனம் தவறு என்றே நினைக்கிறேன். அவருடைய முறைக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வளர்ந்த கார்டுகள் வேண்டும்; பெரிய உருவங்களைச் சுற்றி ஆடிப் பழகிய அணியிடம் அதை ஒரு கோடையில் கேட்க முடியாது.

ஒலிம்பியாகோஸ் காலத்திலிருந்து ஓர் இரவை மட்டும் தனியே எடுத்து வைக்கிறேன். 2009, பெர்லின். ஐரோப்பிய அரையிறுதியில் ஒலிம்பியாகோஸும் பனதினாய்கோஸும். யன்னாகிஸின் அணி 82–84 என்று தோற்றது. எதிரணியில் ஆடியவர் ஸ்பனூலிஸ். மரூசியில் எப்போது பாய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த குருவின் முன்னாலேயே பாய்ந்தார். பனதினாய்கோஸ் கோப்பையை வென்றது, ஸ்பனூலிஸ் சிறந்த வீரர் ஆனார். அடுத்த ஆண்டு யன்னாகிஸ் ஒலிம்பியாகோஸை விட்டுப் போன அதே கோடையில் ஸ்பனூலிஸ் அங்கே வந்து சேர்ந்தார். 2012, 2013 என்று இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை அந்தக் கழகத்துக்கு எடுத்துக் கொடுத்தார். ஆடி முடித்ததும் அவரும் பெஞ்சுக்கு வந்தார்: முதலில் பெரிஸ்டேரி என்ற நடுத்தரக் கழகம், பிறகு தேசிய அணி, மொனாக்கோ. 2025 செப்டம்பரில் ரீகாவில் பின்லாந்தை 92–89 என்று வென்று கிரீஸ் வெண்கலம் எடுத்தபோது பயிற்சியாளர் இருக்கையில் இருந்தவர் அவர்தான். 2009-க்குப் பிறகு ஐரோப்பியப் போட்டியில் கிரீஸுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

லாரிசாவில் தொடங்கும் அந்தக் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)